சந்தனம் பூசிய ஏரியல்

1985ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பதினான்காம் நாள், திங்கட்கிழமை. வடக்கிலிருந்து ஈரக்காற்று மெல்ல வீசியது. வானம் பால் கலந்த நீரைப் போல வெளிறிக் கிடந்தது. வெளிச்சம் இருந்தும் நிழல் விழவில்லை. அன்று தைப்பொங்கல். நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில், டாக்சிகளுக்கு வானொலி பொருத்தும் பட்டறை ஒன்றில் நான் பணியாற்றி வந்தேன். அங்கே ஜனவரி கோடைக்காலம்; பட்டறை விடுமுறைக்காக மூடப்பட்டிருந்தமையால், என் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மனுரேவாவில் இருந்த சோதிலிங்கம் அண்ணனின் வீட்டிற்குச் சென்றேன்.

சென்ற காரணத்தை முதலில் கூற வேண்டும்.

சோதிலிங்கம் அண்ணன் யாழ்ப்பாணத்தவர். சொந்த வேனில் கடைகளுக்கு ரொட்டி கொண்டு செல்பவர்; யாழ்ப்பாணப் பேச்சில் ரொட்டி 'பாண்', வேன் 'வான்'. அவருடைய நாள் விடியுமுன் தொடங்கி நண்பகலில் முடிந்துவிடும். அதன்பின் அவர் ஒனிஹங்காத் துறைமுகக் கரையில் வேனை நிறுத்திச் சிறிது நேரம் கண்ணயர்வது வழக்கம். வேனில், ஓட்டுநர்கள் வழியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வைக்கும் சிபி ரேடியோ ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவர் விட்டுச்சென்ற பெட்டி அது. ஆகவே ஆஸ்திரேலியாவின் சேனல்களே அதில் இருந்தன. சாதாரண நாட்களில் அதிலிருந்து மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டுமே வரும். அந்த இரைச்சல் அண்ணனுக்கு நல்ல தூக்க மருந்து.

டிசம்பரில் ஒரு பிற்பகல், அந்த மழைக்குள்ளிருந்து ஒருவர் தமிழ் பேசினார்.

கோடை நாட்களில் இவ்வாறு நிகழ்வதுண்டு. மேகங்களுக்கும் மேலே, மிக உயரத்தில், கண்ணுக்குப் புலப்படாத மின் படலம் ஒன்று திடீரென்று திரளும். பூமியிலிருந்து செல்லும் வானொலி அலை அதில் பட்டு, கண்ணாடியில் பட்ட ஒளியைப் போலத் திரும்பி, கடலுக்கு அப்பால் இறங்கும். படலம் சில வேளை ஒரு மணி நேரம் நிற்கும். சில வேளை ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் கலைந்துவிடும். எப்பொழுது வரும், எப்பொழுது போகும் என்பதை எவராலும் சொல்ல இயலாது.

பேசியவரின் பெயர் நவரத்தினம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கிராஃப்டன் என்னும் ஊரிலிருந்து லாரி ஓட்டுபவர். அவர் எவருடனும் பேசவில்லை, பொதுவாகப் பேசினார். "ஆரும் கேக்கிறியளோ? கேக்காட்டியும் பரவாயில்லை, நான் சொல்லுறன்," என்று தொடங்குவார். கரும்புத் தோட்டத்தில் தீ மூட்டியிருக்கிறார்கள் என்பார். சாலையைக் கடக்கும் பறவைக்காக லாரியை நிறுத்தியதாகச் சொல்வார். உணவுப் பொட்டலத்தைத் திறந்து, இன்றும் புளி கூடிவிட்டது என்று குறைபட்டுக்கொள்வார். சோதிலிங்கம் அண்ணன் மைக்கை எடுத்துப் பலமுறை பதில் கூறினார். பெட்டியின் ஆற்றல் நான்கு வாட் மட்டுமே. ஏரியலோ கூரையின் ஓரத்தில் கவ்வியிருந்த பழங்கம்பி. ஆகவே அவர் குரல் கரையைத் தாண்டவில்லை.

ஜனவரி மாதத்து முதல் வெள்ளி கழிந்து அடுத்த வெள்ளிக்கிழமை, நவரத்தினம் கூறியவற்றை அண்ணன் எனக்குச் சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

"திங்கட்கிழமை கடைசி ஓட்டம் எண்டார், தம்பி. லொறியை முதலாளியிட்டைக் குடுக்கிறாராம். பெட்டியும் லொறியோட போகுதாம். பிறகு என்ன சொன்னவர் தெரியுமோ? 'இவ்வளவு நாளும் வெறுங்காத்தோட கதைச்சிருக்கிறன், எனக்கு விசர்' எண்டார். விசர் இல்லையெண்டு அந்த மனுசனுக்கு ஒருக்காச் சொல்லவேணும். அவ்வளவுதான்."

விசர் என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியம். அதற்காகத்தான் நான் சென்றேன். கூரைக்குப் புதிய ஏரியலும், குரலுக்கு வலுவூட்டும் நூறு வாட் ஆம்ப்ளிஃபயரும் அவர் வாங்கி வைத்திருந்தார். அவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்வது என் பொறுப்பு.

பின்முற்றத்தில் பொங்கல் முடிந்திருந்தது. செங்கற்களுக்கிடையே தணல் இன்னும் கண் சிமிட்டியது. அண்ணனின் மனைவி ரதிதேவி அக்கா வாழை இலை கிடைக்காமையால் பீங்கான் தட்டில் பொங்கலை வைத்து நீட்டினார்.

"விசர் இல்லை எண்டு சொல்லப்போறவர் ஆரெண்டு ஒருக்காப் பாருங்கோ, தம்பி," என்றார். "விடிய எழும்பி வானுக்குத்தான் முதல் குளிப்பு. எனக்குப் பிறகுதான் தண்ணி."

"வான் மாதிரி நீர் ஓடித் திரியிறேல்லையே, அதுதான்," என்றார் அண்ணன்.

"ஓடினால் தெரியும்!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "அண்ணே, இது லைசென்ஸ்ல இல்லாத சாமான். இன்ஸ்பெக்டர் பிடிச்சா என்னா செய்வீங்க?"

"பொங்கல் நாளில வந்தால் பொங்கல் குடுப்பம். நாளைக்குக் கழட்டிப்போடுவன். எனக்கு ஒரு நாள் போதும்."

வேன் முற்றத்தின் நடுவில் நின்றது. முகப்பில் மாலை, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம். கூரையின் நடுவில் நான் முந்திய நாள் பொருத்திய ஏரியல் நிமிர்ந்து நின்றது. அதன் அடியில், கறுப்பு உறைக்குள், கம்பிச்சுருள் ஒன்று உண்டு. சுருளின் உச்சியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி மேலெழும். அண்ணன் அச்சுருளை வேனின் நெற்றியாகக் கருதிவிட்டார் போலும். குழைத்த சந்தனத்தை அதன் தலைமுதல் அடிவரை, கூரையின் தகடு வரைக்கும் தாராளமாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். ஈரம் இன்னும் மினுங்கியது. அதன் மணம் முற்றமெங்கும் பரவியிருந்தது. அதை நான் பார்த்தேன். மிக அழகாக இருந்தது என்றே எண்ணினேன்.

இங்கு ஒரு விதியை விளக்குதல் அவசியம். ஆம்ப்ளிஃபயர் தரும் ஆற்றல் முழுவதையும் ஏரியல் ஏற்று வானத்தில் விட வேண்டும். ஏரியலின் நீளம் அலையின் நீளத்திற்கு இசையாவிட்டால், ஆற்றலின் ஒரு பகுதி சுவரில் எறிந்த பந்தைப் போலத் திரும்பி வரும். திரும்பி வருவது மிகுந்தால் ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர்கள் வெந்துவிடும். எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் ஒன்றின் அருகில் நின்றால் இசைவு. இரண்டைத் தாண்டினால் ஆபத்து. கம்பி நீளமாக இருப்பின் சிறிது சிறிதாகக் குறைத்து முள்ளைக் கீழே கொண்டுவருவர். குறைத்ததை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகையால் இத்தொழிலில் பொறுமையே முதற் கருவியாகும்.

நான் மீட்டரை இணைத்து, ஆம்ப்ளிஃபயரை இயக்காமல், ரேடியோவை மட்டும் இயக்கிப் பார்த்தேன். முள் இரண்டரையில் நின்றது. சேனல்களை மாற்றிப் பார்த்ததில் கம்பி நீளம் என்று தெரிந்தது.

"வெட்டணும்ணே."

"வெட்டும். நீர்தான் டொக்டர்."

அரத்தால் கீறி, நகத்தளவு ஒடித்தேன். முள் சிறிது இறங்கியது. மீண்டும் ஒடித்தேன், மீண்டும் இறங்கியது. ஒவ்வொரு முறையும் சிறு எஃகுத் துண்டு கூரையில் விழுந்து மணியைப் போல ஒலித்தது. புதிய ஏரியலிலிருந்து இவ்வளவு நீளத்தை நான் எப்பொழுதும் குறைத்ததில்லை என்ற எண்ணம் ஒரு கணம் தோன்றியது. ஆயினும் முள் பணிந்து பணிந்து இறங்கியமையால் அந்த எண்ணம் தூங்கிவிட்டது. இறுதியில் முள் ஒன்றின் மேல் இறகு போல அமர்ந்தது.

ஒனிஹங்காவிற்கு நாங்கள் சென்றபொழுது பிற்பகல் ஆகிவிட்டது. மனுகாவ் குடாவில் நீர் நிறைந்து, கரையின் கற்களை ஓசையின்றித் தொட்டுக்கொண்டிருந்தது. உப்புநீரின் அருகில் நின்றால் அலை தாழ்வாகவும் தொலைவாகவும் செல்லும். மேற்கே, குடாவின் வாய் இருக்கும் திசையில், கடலும் வானமும் ஒரே வெண்மையாகக் கலந்திருந்தன. மீன்பிடிக்க வந்த ஒருவர் தூண்டிலைப் போட்டுவிட்டு நின்றபடியே உறங்குவது போலக் காணப்பட்டார்.

ஆம்ப்ளிஃபயரை இயக்குமுன் மீட்டரை மறுபடியும் பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். முள் மூன்றில் நின்றது.

நான் மீட்டரைத் தட்டினேன். அது மூன்றிலேயே நின்றது.

"என்ன தம்பி, முகம் மாறுது?"

"ஒண்ணுமில்லேண்ணே. கேபிள் ஆடியிருக்கும்."

கேபிள் ஆடவில்லை. முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கூரைத் தகட்டோடு ஏரியல் தொடும் இடத்தைச் சோதித்தேன். பெயின்ட் நன்கு சுரண்டப்பட்டிருந்தது. கதவுகளை மூடிப் பார்த்தேன்; அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பார்த்தேன். பெட்டியிலிருந்து மழை பெய்துகொண்டே இருந்தது. அந்த மழைக்குள் எப்பொழுது ஒரு குரல் முளைக்கும் என்று இருவரும் ஒரு காதை அங்கேயே வைத்திருந்தோம்.

"இப்பிடியே அம்பிளிபயரைப் போட்டால்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒரு வார்த்தை பேசலாம். ரெண்டாவது வார்த்தைக்குப் புகை வரும்."

"ஒரு வார்த்தையில 'விசர் இல்லை' எண்டு சொல்லேலாது. அது ரெண்டு."

வேனின் படியில் ஏறி ஏரியலின் அடியைப் பிடித்தேன். என் விரல்களில் மாவு போன்ற ஒன்று ஒட்டியது. சந்தனம் முற்றிலும் உலர்ந்து, வழியிலே காற்றில் பாதி உதிர்ந்து, எஞ்சியது வெடித்துக் கிடந்தது.

அப்பொழுது எனக்கு எல்லாம் விளங்கியது. ஈரமான சந்தனம் மின்சாரத்தைச் சிறிது கடத்தும் பொருள். அது சுருளின் உச்சியையும் கூரையையும் இணைத்திருந்தமையால் ஏரியல் உள்ளதைவிட நீளமானது போல மீட்டருக்குத் தோன்றியது. இல்லாத நீளத்தை எண்ணி நான் இருந்த நீளத்தை வெட்டினேன். ஈரம் போனது, பொய்யும் போனது, குட்டையான கம்பி மட்டும் நின்றது.

நான் இறங்கி வந்து கூறினேன். அண்ணன் என் விரல்களில் இருந்த பொடியைப் பார்த்தார்.

"காலையில கண்டனீர்தானே?"

"ஆமாண்ணே."

"அப்ப ஏன் துடைக்கேல்லை?"

"சாமிக்கு வச்சது. நான் கிறிஸ்தவன். உங்க வீட்டுல வந்து, பொங்கல் அன்னிக்கு, அதை எப்படிண்ணே கை வச்சுத் துடைக்கிறது?"

அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? நீர் ஒண்டும் சொல்லேல்லை, அப்ப அதில பிழையில்லை எண்டு. உண்மையில கேக்கத்தான் வந்தனான். கேட்டால், வேதக்காரப் பெடியன், சந்தனத்தைக் குறை சொல்லச் சங்கடப்படுவான் எண்டு விட்டிட்டன்."

"நல்ல மரியாதைண்ணே நம்ம ரெண்டு பேருக்கும்."

"மரியாதையிலதான் கம்பி குட்டையாப் போச்சு," என்றார். பிறகு சிரித்தார். சிரிப்பு முடியுமுன்பே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். நான்கு மணி கடந்திருந்தது.

அண்ணன் குடிநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு படியில் ஏறினார். தம் கைக்குட்டையை நனைத்து, சுருளின் மேல் எஞ்சியிருந்த சந்தனத்தைத் தாமே கழுவினார். குங்குமம் கரைந்து வெள்ளைக் கூரையில் ஒரு சிவந்த கோடாக வழிந்தது. "கோவிக்காதேங்கோ," என்று அவர் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் அன்று. பின்னர் சட்டையின் ஓரத்தால் சுருளை ஈரமறத் துடைத்தார்.

நீளத்தை மீட்பதற்கு நான் வேனின் உள்ளே தேடினேன். ரொட்டித் தட்டுகள் கம்பியால் ஆனவை. ஒரு பழைய தட்டின் ஓரத்தில் கம்பி ஒன்று பற்றவைப்பு விட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதை முறித்து நிமிர்த்தினேன். மின்கம்பிகளை இணைக்கப் பயன்படும் சிறு பித்தளைக் குழாய் என் பெட்டியில் இருந்தது. இரு முனைகளிலும் திருகாணி உடையது. ஏரியலின் நுனியை ஒரு புறமும் தட்டுக் கம்பியை மறுபுறமும் நுழைத்துத் திருகினேன். நிமிர்ந்து நின்ற ஏரியலின் தலையில் அது ஒரு கணுவைப் போல விளங்கியது.

மீட்டர் இரண்டைக் காட்டியது. இம்முறை கம்பி மெய்யாகவே நீளம். திருகாணியைத் தளர்த்தி, மயிரிழை அளவு உள்ளே தள்ளி, இறுக்கி, இறங்கிவந்து பார்த்தேன். மீண்டும் ஏறினேன். கடல் நிறைந்தபடியே இருந்தது. வெயில் சாய்ந்தும் நிழல்கள் தோன்றவில்லை. உலகம் ஒரு முட்டையோட்டின் உட்புறம் போல ஒளிர்ந்தது. ஏறி இறங்குவது நான்தான் என்பதையே சில வேளை மறந்தேன். முள் ஒன்றரைக்கு இறங்கியபொழுது, வேனுக்குள்ளிருந்து அண்ணன் தாழ்ந்த குரலில் அழைத்தார்.

"பீட்டர் தம்பி, மழை விடுது."

மெய்தான். இரைச்சல் மெலிந்துகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து, நீருக்குள் கிடந்த கற்கள் வற்றும்பொழுது தெரிவது போல, குரல்கள் எழுந்தன. முதலில் மீனவர் இருவர் ஆங்கிலம் பேசினர், ஒரு பெண் யாரையோ இரவு உணவுக்கு அழைத்தாள், எவரோ விசிலடித்தார். படலம் திரண்டுவிட்டது.

நான் ஒன்றரையோடு விட்டுவிட்டேன். அது போதுமானது. ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

அண்ணன் மைக்கைக் கையில் பிடித்தபடி அழுத்தாமல் காத்திருந்தார். என்ன சொல்வது என்று அவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். முதலில் வணக்கம், பின்பு பெயர், பின்பு டிசம்பர் முதல் கேட்டு வந்த விவரம்.

அப்பொழுது குரல் வந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேசுவது போல வந்தது.

"...பாலம் தாண்டிட்டன். இன்னும் கொஞ்சத் தூரம். முதலாளி வாசல்லயே நிப்பார். சரி. ஆரும் கேக்கேல்லை எண்டு தெரியும், எண்டாலும் சொல்லிப்போட்டுப் போறதுதான் முறை. இண்டைக்குப் பொங்கல். நான் பொங்கேல்லை. அவ்வளவுதான், நிப்பாட்டிறன்."

அண்ணன் அழுத்தினார். ஒத்திகை பார்த்த சொற்களில் ஒன்றும் வரவில்லை.

"அண்ணை, நிப்பாட்டாதேங்கோ! கேக்குது!"

விளக்குகள் சற்று மங்கி மீண்டன. மீட்டரின் முள் அசையாமல் நின்றது. அவர் விரலை எடுத்தார். இரைச்சல். கடலுக்கு அப்பால் ஒரு லாரி மெதுவாகச் சாலையோரம் ஒதுங்கும் நேரம் அது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது என் கற்பனையே; நாங்கள் கேட்டது இரைச்சல் மட்டுமே.

"ஆர் அது?" என்றது குரல். முன்பு பேசிய குரல் அன்று. மிகச் சிறிய குரல்.

"சோதிலிங்கம். நியூசிலாந்து, ஓக்லண்ட். பாண் வான் ஓடுறன். உங்களை மார்கழி முழுக்கக் கேட்டனான், அண்ணை. பதில் சொன்னனான். உங்களுக்கு வந்து சேரேல்லை."

"எல்லாம் கேட்டனீங்களோ?"

"ஓம். அலை வந்த நாளெல்லாம்."

"முதலாளியைத் திட்டிப் பேசினது?"

"அதுவும்தான். நல்லாப் பேசினீங்கள்."

ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியில் உடைந்தது. அலை உடைந்ததா, சிரிப்பு உடைந்ததா என்று கூற இயலாது. அதன்பின்னும் அவர் மைக்கை அழுத்தியே வைத்திருந்தார். லாரியின் இயந்திர ஓசையும், எங்கோ ஒரு பறவை கத்துவதும் எங்களுக்குக் கேட்டன. அண்ணன் கண்களை மூடிக்கொண்டு அதையும் கேட்டார்.

"அப்ப ஆள் இருந்திருக்கு," என்றார் நவரத்தினம்.

"இருந்தது, அண்ணை. நானும் மனுசியிட்டைச் சொல்லிச் சொல்லித்தான். அவ எனக்குத்தான் விசர் எண்டவ."

"அவவிட்டைச் சொல்லுங்கோ, ரெண்டு பேருக்கும் இல்லையெண்டு." குரல் இப்பொழுது ஏறியும் இறங்கியும் வந்தது. மீனவரின் ஆங்கிலம் மறைந்துவிட்டிருந்தது. பெண்ணின் குரலும் இல்லை. படலம் கலையத் தொடங்கியதை நான் உணர்ந்து, அண்ணனின் தோளைத் தொட்டேன். அவர் தலையசைத்தார், ஆனால் அவசரப்படவில்லை.

"சோதிலிங்கம்... அங்க இப்ப... வெளிச்சமோ? எத்தினை மணி?"

அண்ணன் மணிக்கட்டைத் திருப்பினார். தெளிவாகவும் நிறுத்தியும், பள்ளியில் விடை கூறும் மாணவனைப் போல, அழுத்திக்கொண்டு சொன்னார்:

"நல்ல வெளிச்சம், அண்ணை. ஐஞ்சு மணி, பதினெட்டு நிமிசம்."

"ஐஞ்சு பதினெட்டு," என்று கிராஃப்டனிலிருந்து குரல் திருப்பிச் சொன்னது. அதன்மேல் மழை பெய்தது.

அப்பொழுது மாலை மணி ஐந்து பதினெட்டு.